சந்தையில் ஏலம் போன வியாழன் கிரகம்

1. முதல் நாள்

மியூசியத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பொதுமக்களில் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "ஏம்மா, காத்தாடி எந்த ரூமுல ஓடுது?"

கேட்டவர் எரியோட்டுக்காரர். கோர்ட் வேலையாகத் திண்டுக்கல் வந்தவருக்கு வாய்தா கிடைத்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமிருந்தது. எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு அறையில்தான் மின்விசிறி. அந்த அறைக்குப் பெயர் 'வானமும் கோள்களும்'. அங்கே நின்று மக்களுக்கு விளக்கம் சொல்வதுதான் என் வேலை. ஆர்டரில் 'விளக்குநர் (தற்காலிகம்)' என்று போட்டிருந்தது. அவரை உள்ளே கூட்டிப் போனேன். துண்டை உதறி விரித்தார், சனிக் கிரகத்துக்கு நேர் கீழே படுத்தார், இரண்டு நிமிஷத்தில் குறட்டை. அங்கே அவருக்கு முன்பே ஐந்து பேர் படுத்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அன்றும் வந்தது. ஆனால் தற்காலிகப் பணியாளருக்குக் கோபப்பட ரூலில் இடமில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ரஷ்யாக்காரர் ஒருவர் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றிவிட்டு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. விண்வெளி பற்றி ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மெட்ராஸில் யாருக்கோ தோன்றி, எங்களுக்கு ஒன்பது கிரகங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்து வைக்கோல் வைத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே ஏழு பக்க டைப் அடித்த சொற்பொழிவு. கியூரேட்டர் சவுந்தரராஜன் சார் அதை என் கையில் கொடுத்து, "ஒரு எழுத்துக்கூட மாத்தாம ஒப்பிக்கணும் ஜெபமாலை. இது தலைமை அலுவலகம் எழுதினது" என்றார்.

நான் படித்தது செகண்டரி கிரேடு டீச்சர் டிரெயினிங். வானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி காயப்போடலாமா கூடாதா என்பதுதான். இருந்தாலும் ஒரே வாரத்தில் ஏழு பக்கத்தையும் உருப்போட்டுவிட்டேன். "வியாழன் கோளானது தன்னகத்தே ஆயிரத்து முந்நூறு புவிகளை அடக்கவல்ல பேருருக் கொண்டதாகும்" என்று நான் ஆரம்பித்தால், அதுவரை விழித்திருந்தவர்களும் கொட்டாவி விடுவார்கள். தாலாட்டுப் பாடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

2. மெட்ராஸ் கடிதம்

ஓராண்டு இப்படி ஓடியது. பிறகு ஒரு கடிதம் வந்தது. சவுந்தரராஜன் சார் அதை மூன்று முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நான்காம் முறையாக எனக்குப் படித்துக் காட்டினார்.

விஷயம் இதுதான். வானப் பிரிவால் பொதுமக்களுக்குப் பயன் ஏதும் விளைவதாகத் தெரியவில்லை. ஆகவே வேனில் கிரகங்களை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய் ஒரு நாள் கண்காட்சி நடத்த வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். ஜனங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அவர் எழுதினால் பிரிவு மூடப்படும். அந்த அறையில் பாடம் செய்த முதலையை வைப்பார்கள். விளக்குநர் பணியிடமும் அத்துடன் முடிவடையும்.

"முதலைக்கு விளக்கம் சொல்ல ஆள் வேணாமா சார்?" என்று கேட்டேன்.

"முதலையப் பாத்தாலே தெரியும் ஜெபமாலை" என்றார் அவர். மனுஷனுக்கும் வருத்தம்தான். ஆனால் வருத்தத்திலும் சரியாகத்தான் பேசுவார்.

அப்பா தவறிய பிறகு எங்கள் வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில். அம்மா கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். "அந்த அதிகாரி கண்ணுல நல்லதா நாலு படட்டும்" என்று வேண்டிக்கொண்டாளாம். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

3. ரயில்வே கேட்

டிரைவர் மாயாண்டி அண்ணன் நல்லவர். வேனைத் தவிர எதையும் மெதுவாகத்தான் செய்வார். வழியில் ரயில்வே கேட் மூடப்போவதைப் பார்த்துவிட்டார்.

"பிடிச்சுக்க தாயி, இதத் தாண்டிருவோம்!" என்று ஒரு அழுத்து அழுத்தினார். வேன் தண்டவாள மேட்டில் எகிறிக் குதித்தது. பின்னால் 'டம் டம்' என்று சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

ஒட்டன்சத்திரத்தில் பெட்டியைத் திறந்தால் வைக்கோலும் சுண்ணாம்புத் தூளும். ஒன்பது கிரகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சனியின் வளையம் மட்டும் பாதி கிடந்தது. தகரத்தில் செய்த சூரியன் நசுங்காமல் உட்கார்ந்திருந்தது. சவுந்தரராஜன் சார் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சூரிய மண்டலமே போச்சே! கண்டெம்ன் பண்ணிக் கழிக்கிறதுக்கு எந்த ஃபாரத்துல எழுதுவேன்?"

"எம்மேல எழுதாதீய சார், கேட்டு மேல எழுதுங்க" என்றார் மாயாண்டி அண்ணன்.

காலை எட்டு மணி. அதிகாரி பழனியிலிருந்து பத்தரைக்கு வருவதாகத் தந்தி. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் காய். தக்காளிக் கூடை, வெங்காய மூட்டை, மலை மலையாகப் பூசணி. எனக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், நீங்க போய் அதிகாரிய அழைச்சிட்டு வாங்க. கிரகத்த நான் பாத்துக்கிறேன்."

"ஜெபமாலை, அது சர்க்கார் கிரகம்..."

"போங்க சார்!" என்று ஒரு அதட்டு அதட்டினேன். தற்காலிகப் பணியாளர் என்பது மறந்துவிட்டது. அவரும் மறந்து போய்விட்டார் போல, எழுந்து போனார்.

பூமிக்கு ஒரு நெல்லிக்காய். வெள்ளிக்கு அதே அளவில் இன்னொன்று. செவ்வாய் சிவப்பு, ஆகவே சின்ன வெங்காயம். புதனுக்குச் சுண்டைக்காய், புளூட்டோவுக்கு ஒரு மிளகு. யுரேனஸும் நெப்டியூனும் இரண்டு சின்ன முட்டைக்கோஸ். சனிக்குப் பரங்கிக்காய், அதைச் சுற்றி உடைந்த கூடையின் விளிம்பு. வியாழன்தான் பெரும் பாடு. பூமியைப் போலப் பதினோரு மடங்கு குறுக்களவு என்று ஏழு பக்கத்தில் இருந்தது. பதினோரு நெல்லிக்காயை வரிசையாக வைத்து நூல் பிடித்து, அந்த நூலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பூசணியாக அளந்தேன். மண்டிக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று சரியாக அமைந்தது. உருண்டு திரண்ட சாம்பல் பூசணி. சுண்ணாம்பில் அதற்குப் பட்டை போட்டு, காவியில் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்தேன். அசல் வியாழனிலும் அப்படி ஒரு பொட்டு உண்டு.

சர்க்கார் கண்காட்சியாயிற்றே, வெறும் தரையிலா வைப்பது? நல்ல புதுச் சாக்காக வாங்கி விரித்து, கிரகங்களை அதன் மேல் வரிசையாக வைத்தேன். மாயாண்டி அண்ணனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, பெயர் எழுத அட்டை தேடிப் போனேன்.

4. சாக்கு

அந்த மண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. விவசாயி சாக்கை விரித்துச் சரக்கை வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். மணி அடித்ததும் ஏலக்காரர் வரிசையாக வந்து, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விற்றுக்கொண்டே போவார். விற்க விருப்பமில்லாத காயை வெறுந்தரையில் வைப்பார்கள். சாக்கின் மேல் இருந்தால் அது ஏலத்துக்கு. அவ்வளவுதான் சட்டம்.

ஏலக்காரர் கருப்பண்ணன் எங்கள் சாக்கின் முன் வந்து நின்று, "ஏனுங்க, இது யாரு சரக்குங்க?" என்று கேட்டிருக்கிறார்.

மாயாண்டி அண்ணன் கம்பீரமாக, "சர்க்கார் சரக்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் நடந்த ஏலத்தை அவர் கண்காட்சியின் ஒரு பகுதி என்றே நினைத்தாராம். நான் அட்டையோடு திரும்பி வந்தபோது வியாழன் இருந்த இடத்தில் சுண்ணாம்புத் தடம் மட்டும் இருந்தது. மாயாண்டி அண்ணன் கையில் வடை இருந்தது.

"வியாழன் எங்கண்ணே?"

"நல்ல வெலைக்குப் போச்சு தாயி. மத்ததெல்லாம் பொடிசு, ஒருத்தனும் கேக்கல."

என் வாயில் என்னென்ன வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. பின்னால் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

வாங்கியவர் பாலக்காட்டு வியாபாரி. ஏதோ கல்யாண விருந்துக்குப் பூசணி ஏற்றிக்கொண்டிருந்தார். லாரியில் பூசணிக் குவியலின் உச்சியில் சிவப்புப் பொட்டோடு வியாழன் உட்கார்ந்திருந்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து லாரி மேல் ஏறிவிட்டேன். சந்தையே திரும்பிப் பார்த்தது.

"எந்தா இது! ஞான் காசு கொடுத்ததாணு! வேற பூசணி எடுத்துக்கோ!" என்று வியாபாரி கீழேயிருந்து கத்தினார்.

"இந்த அளவுக்கு வேற பூசணி இல்லய்யா! சந்தை பூரா அளந்தாச்சு!"

"அதான் ஞானும் எடுத்தது!"

கருப்பண்ணன் ஓடி வந்தார். "அம்மிணி, எறங்குங்க. ஏலம் போனது போனதுதானுங்க. சாக்கு மேல வெச்சுப்போட்டு அப்புறம் இல்லைன்னா எப்படிங்க?"

"இது பூசணி இல்லீங்க, வியாழன் கிரகம்!" என்று கத்தினேன். கீழே நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. போன மானம் போகட்டும் என்று, அளந்தபோது முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு நெல்லிக்காயைக் கையில் தூக்கிப் பிடித்தேன்.

"சிரிங்கய்யா, நல்லாச் சிரிங்க! நாம நிக்கிற பூமி இம்புட்டுத்தான். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல்லு, மெட்ராஸு, கடலு எல்லாம் இந்த நெல்லிக்கா மேலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்ப வியாழன் எம்புட்டுத் தெரியுமா? இந்தா, இம்புட்டு! இந்த நெல்லிக்காய ஆயிரத்து முந்நூறு உள்ள போட்டாத்தான் இது நெறையும்!"

சிரிப்பு நின்றது. ஏழு பக்கத்தை ஒப்பித்தபோது ஒரு நாளும் கிடைக்காத அமைதி. அதன் நடுவில் வியாபாரி சொன்னார்: "ஆயிரத்து முந்நூறோ? சும்மா பறயாதே! இதுல ஐந்நூறு கூடப் பிடிக்காது."

"பிடிக்கும்!"

"பிடிச்சா உன் கிரகத்தை நீயே எடுத்துக்கோ. பிடிக்கலேன்னா லாரி கிளம்பும். சரியா?"

"சரி!" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோபம் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடும்.

5. லாபம், ரெண்டு, மூணு

பூசணியை வெட்டக்கூடாது. கருப்பண்ணன் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பூசணி அச்சாக உட்காருகிற மாதிரி ஒரே உருண்டையான ஓலைக் கூடை ஒன்று தேடிப் பிடித்தார். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருப்பி, உரசிப் பார்த்து, "பூசணியும் கூடையும் ஒண்ணுதானுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு மூட்டை நெல்லிக்காய் வந்தது. ஏலக்காரரே எண்ண ஆரம்பித்தார். கைக்கு ஐந்தாக அள்ளி, சந்தை வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல் "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் போட்டுப் போட்டார். கூட்டம் கூடவே எண்ணியது. தக்காளிக்காரர் எடையை விட்டுவிட்டு வந்தார். மூட்டை தூக்கிகள் மூட்டையோடு நின்றார்கள்.

நூற்று அறுபத்தாறு கை. எண்ணூற்று முப்பது காய். கூடை விளிம்பு வரை நிறைந்துவிட்டது.

"எண்ணூத்து முப்பது! லாரியை எடுடா!" என்றார் வியாபாரி.

ஓராண்டு காலம் ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து முந்நூறு என்று ஒப்பித்திருக்கிறேன். ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தேனா? பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேனோ? அதே நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "என்னம்மா நடக்குது இங்க?" என்று ஒரு குரல். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஃபைல். பக்கத்தில் சவுந்தரராஜன் சார் செத்த பிணமாக நின்றார். அதிகாரி வந்துவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தி முந்திக்கொண்டாள். மண்டியில் சாக்குத் தைக்கிற ராமாத்தா. பற்களுக்கிடையில் கோணி ஊசி, தோளில் சணல் கயிறு. ஊசியை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு அதிகாரிக்கு விளக்கம் சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்க. நாம இருக்கிற பூமி இந்த நெல்லிக்காயாமுங்க. மானத்துல வியாழன்னு ஒண்ணு இந்தப் பூசணியாட்டம் இருக்குதாமுங்க. அதுக்குள்ள இது எத்தனை புடிக்கும்னு வழக்குங்க. இந்த மலையாளத்தாருக்குக் கணக்குத் தெரியல."

"எனக்கோ தெரியாதது?" என்று வியாபாரி எகிறினார்.

"பின்ன என்னுங்க? கூடை நெறஞ்சுபோச்சுங்களா?"

"நிறைஞ்சாச்சு!"

ராமாத்தா பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு படி கேழ்வரகை அள்ளி, நிறைந்த கூடைக்குள் சரித்தாள். சர்ரென்று உள்ளே போய் மறைந்தது. இன்னொரு படி. அதுவும் மறைந்தது. "நெறஞ்சாச்சுன்னீங்க. இது எங்கீங்க போவுது?" என்று கேட்டாள். கூட்டம் ஓவென்று கூவியது.

"உருண்டைக் காய் எதைப் போட்டாலும் இடுக்கு இடுக்காச் சந்து நிக்குமுங்க. நல்லாக் குலுக்கிப் போட்ட மூட்டையில மூணுல ரெண்டு பங்கு காய், ஒரு பங்கு காத்து. இருவது வருசமாத் தைக்கிறேன், எனக்குத் தெரியாதுங்களா? காய் எண்ணூத்து முப்பது. அதுல பாதியக் கூட்டிக்கங்க, காத்துக்கு."

அதிகாரி ஃபைலின் முதுகிலேயே பென்சிலால் போட்டார். "ஆயிரத்து இருநூத்து நாப்பத்தஞ்சு!"

"இந்தம்மா ஆயிரத்து முந்நூறல்லோ சொன்னது. பாக்கி?" என்றார் வியாபாரி விடாமல்.

"நெல்லிக்கா என்ன அச்சுல வார்த்ததுங்களா, ஒண்ணுபோலக் காய்க்க? பூசணியும் மேலயும் கீழயும் சித்தே சப்பையா இருக்குது பாருங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அசல் வியாழனும் மேலயும் கீழயும் சப்பைதாம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் அதிகாரியாகவே இல்லை. கூடை உண்மையில் குலுக்கப்பட்டதா என்று அவருக்குச் சந்தேகம். ஃபைலைச் சவுந்தரராஜன் சார் கையில் திணித்துவிட்டு, "ஒரு பக்கம் நீங்க பிடிங்க" என்று வியாபாரியைக் கூப்பிட்டு, இருவருமாகக் கூடையைத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்கினார்கள். அடி பிய்ந்துகொண்டது. எண்ணூற்று முப்பது பூமியும் இரண்டு படி கேழ்வரகும் சந்தை முழுக்க உருண்டன. அதிகாரி ஒரு பூமியின் மேல் கால் வைத்து, பல பூமிகளின் மேல் உட்கார்ந்தார்.

யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். வியாபாரி தாமே லாரியிலிருந்து வியாழனை இறக்கிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "கொண்டு போ. இனி மூட்டை நிறைஞ்சாச்சுன்னு யாரு சொன்னாலும், சந்து எவ்வளவுன்னு ஞான் கேப்பேன்" என்றார். அதைச் சாக்கில் வைக்கப் போனால், சந்தை மாடு ஒன்று நெப்டியூனை முடித்துவிட்டு யுரேனஸில் இருந்தது.

6. அதிகாரியின் கேள்வி

அதிகாரி வேட்டியில் ஒட்டிய கேழ்வரகைத் தட்டிக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தச் சந்து விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. ஆனால் ராமாத்தா அங்கேயே உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய் வரவில்லை.

"தெரியாது சார். ஆயிரத்து முந்நூறுன்னு பேப்பர்ல இருந்துச்சு, மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். இன்னைக்கு எண்ணினப்பதான் அது நெசமான்னு எனக்கே பயம் வந்துச்சு. அந்த அம்மாதான் எனக்கும் வெளங்க வெச்சாங்க. எழுதிக்கங்க சார்."

எழுதட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேப்பரை எழுதினவன் நான்தாம்மா. இங்கிலீஷ் புத்தகத்தைப் பாத்துக் காப்பி அடிச்சேன். நானும் எண்ணிப் பாத்ததில்ல."

மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது. வானப் பிரிவு தொடரும், விளக்குநர் பணி நிரந்தரம், கோள்கள் கால்நடைகளால் உண்ணப்படாதவாறு இனிமேல் தக்க பாதுகாப்புச் செய்யப்பட வேண்டும். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் ஒட்டன்சத்திரத்துக்குப் பஸ் ஏறிப் போய் ராமாத்தாவிடம் ஆர்டரைப் படித்துக் காட்டினேன். "நல்லதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். நீங்கள் சொல்வதைக் கேட்டு "அதெப்படி? சும்மா புளுகாதீங்க!" என்று ஒருவர் கத்தினால், அவரை வெளியே அனுப்பிவிடாதீர்கள். நாற்காலி போடுங்கள். காப்பி வாங்கிக் கொடுங்கள். அந்தப் பாலக்காட்டு வியாபாரி அன்று கத்தியிராவிட்டால் இன்றைக்கும் நான் அந்த ஆயிரத்து முந்நூறை எண்ணிப் பார்க்காமலே ஒப்பித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.